அறுபது கெஜத்துக்கான தோட்டா

வயல்கோடியில் நிற்கிறவன் சத்தம் போடக் கூடாது. இருமக் கூடாது, வண்டிக் கதவை அறைந்து சாத்தக் கூடாது, பக்கத்தில் நிற்பவனோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. இந்தப் பதினான்கு வருஷத்தில் வயல்காரர் ஹார்லன் சென்னியப்பனுக்கு வாய்விட்டுச் சொன்ன விதி அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கண் இருக்கிறதல்லவா, பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார். அதனால் தும்மல் வந்தபோது சென்னியப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அது காது வழியாகப் புறப்பட்டுவிடுமோ என்று பயந்தவராக, கண்ணில் நீர் முட்ட நின்றார். எதிர்க்கோடியில், அரை மைலுக்கு அப்பால், ஆரஞ்சுச் சட்டைகள் ஆறு புள்ளிகளாக வரிசை கட்டுவது தெரிந்தது. ஹார்லன், அவருடைய தம்பி, மகன்கள் மூவர், ஒரு மருமகன், இரண்டு நாய்கள். அவர்கள் பறவையை இந்தப் பக்கமாக விரட்டிக்கொண்டு நடக்கிறவர்கள். அவர்களுக்கும் இவருக்கும் நடுவில், அறுவடை செய்யாமல் இதற்கென்றே விட்டுவைத்த மக்காச்சோளப் பட்டை, அதன் இரண்டு பக்கமும் இடுப்பளவு காய்ந்த புல், அதற்குள்ளே எங்கேயோ ஃபெசன்ட் கோழிகள். கழுத்தில் வெள்ளை வளையம், கன்னத்தில் ரத்தச் சிவப்பு, முழ நீளத்துக்கு வால், நம் ஊர்க் காட்டுக்கோழிக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டிவிட்டதுபோல ஒரு பறவை. தனக்கு இறக்கை இருப்பதே அதற்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். ஆள் அரவம் கேட்டால் சாலுக்குள்ளேயே ஓடும், பயிர் முடிகிற இடம் வரைக்கும் ஓடும், அங்கே யாரும் இல்லையென்றால் சாலையைத் தாண்டி ஓடியே தப்பித்துவிடும். யாராவது நின்றால்தான், வேறு வழியில்லாமல், எழும்பிப் பறக்கும். அப்படி நிற்கிற வேலைதான் சென்னியப்பனுக்கு. மக்காச்சோள விதை ஆராய்ச்சிக்காக முப்பத்திரண்டு வயதில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவுக்கு வந்து, ஹார்லனுடைய நிலத்தில் சோதனைப் பாத்தி போட்டு, அந்தப் பழக்கத்தில் வருஷம் இரண்டு சனிக்கிழமை வேட்டைக்கு அழைக்கப்பட்டு, ஐம்பத்தொன்பதாவது வயதில், நவம்பர் குளிரில், காங்கேயத்துக்காரர் ஒருவர் கோழிக்கு வழி மறித்துக்கொண்டு நின்றார். மணி பத்து நாலு.

நாலா, ஐந்தா. துப்பாக்கியை இடது முழங்கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். வலது பையில் நாலாம் நம்பர் தோட்டா, இடது பையில் ஐந்தாம் நம்பர். விடியற்காலை எழுந்ததிலிருந்து நான்கு முறை மாற்றிப் போட்டாகிவிட்டது. நாலாம் நம்பர் ரவை பெரிது. தூரம் போனாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது, எலும்பை உடைக்கும். ஆனால் ஒரு தோட்டாவுக்குள் நூற்றெண்பத்தைந்து ரவைதான் அடங்கும், அறுபது கெஜத்தில் அது விரிந்துபோகும்போது நடுவே ஒரு கோழி முழுசாக நுழைந்து போகிற அளவுக்கு ஓட்டை விழும். ஐந்தாம் நம்பர் சிறிது, இருநூற்று முப்பத்தைந்து அடங்கும், ஓட்டை விழாது, ஆனால் அங்கே போய்ச் சேர்கிற நேரத்தில் எலும்பை உடைக்கத் தெம்பு மிச்சம் இருக்குமா. குழல் வாயில் திருகுகிற வளையத்தைப் பற்றியாவது சந்தேகம் இல்லை. சோக் என்பார்கள் அதை. அது எவ்வளவுக்கு இறுக்கமோ அவ்வளவு தூரம் ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் போகும். இருப்பதிலேயே இறுக்கமானதை மேல்குழல், கீழ்குழல் இரண்டுக்கும் மாட்டியிருந்தார். ஒன்றுக்காவது கொஞ்சம் இளக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் எழும்பினால் என்ன செய்வீர்கள் என்று துப்பாக்கிக் கடைக்காரன் கேட்டதற்கு, பக்கத்தில் எழும்புவதை யார் வேண்டுமானாலும் சுடுவார்கள் என்று பதில் சொன்னார். சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது கெஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபத்தெட்டு ரவை. அதை மூன்று ஞாயிற்றுக்கிழமை கசாப்புக்கடைத் தாளை மரச்சட்டத்தில் ஒட்டி, சுட்டு, ஒவ்வொரு துளையாகப் பேனாவால் சுழித்து எண்ணியிருந்தார். பக்கவாட்டில் பறக்கிற கோழிக்கு ஐம்பது கெஜத்தில் ஏழடி முன்னால் சுட வேண்டும், அறுபதில் ஒன்பது. கோழி இருக்கிற இடத்தில் சுட்டால் கோழி அங்கே இருக்காது. இவ்வளவும் தெரிந்த மனுஷனுக்கு நாலா ஐந்தா என்று தெரியவில்லை. கீழ்குழலில் ஐந்து, மேல்குழலில் நாலு என்று வைத்து மூடினார். பிறகு திறந்து இரண்டையும் நாலாக மாற்றினார். மூடுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று தொடையில் அழுத்தி மூடினார்.

எல்லாம் போன வருஷத்துச் சேவலால் வந்தது. இதே வயல், இதே கோடி. வலது பக்கத்துப் புல்லிலிருந்து ஒரு சேவல் எழும்பி, தூரத்திலேயே திரும்பி, சாலைப் பக்கம் போயிற்று. அறுபது கெஜம் இருக்கும். சுட்டிருக்கவே கூடாது. கை தானாகப் போய்விட்டது. ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, சாலைக்கு அந்தப் பக்கம் கோரைக்குள் விழுந்தது. விழுந்தது ஓடியது. நாய் பென்னி ஒரு மணி நேரம் தேடியது. ஹார்லன் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏற நின்று விசில் அடித்து அடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. இந்த ஊரில் தவறவிடுவது குற்றமே இல்லை, தவறவிட்டவனை மத்தியானச் சாப்பாட்டில் வைத்துக் கிண்டல் செய்து தீர்த்துவிடுவார்கள். அடித்துவிட்டு எடுக்காமல் விடுவதுதான் குற்றம். "நடக்கிறதுதான், சென்," என்றார் ஹார்லன், நாயைத் தடவிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு மத்தியானம் பீன்ஸ் குழம்பும் பட்டைப்பொடி தூவிய பன்னும் சுற்றிவந்த மேசையில் ஒருவரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதையை அவரால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. காரில் வரும்போது அந்தக் கோழி இப்போது கோரைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தார். ராத்திரி எவ்வளவு குளிரும், நரி எத்தனை மணிக்கு வரும் என்று நினைத்தார். அடுத்த வாரமே புதுத் துப்பாக்கி தேட ஆரம்பித்துவிட்டார். தூரத்தில் சுடக் கூடாது என்ற பாடத்தை அந்தக் கோழி உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்க, தூரத்தில் இன்னும் நன்றாகச் சுட வேண்டும் என்று எடுத்துக்கொண்டது நம் ஆளின் படிப்பு.

தூரத்தில் இரண்டு வெடி. "சேவல்!" என்று யாரோ கத்தினார்கள். நடக்கிறவர்கள் கத்தலாம். அடுத்து "பெட்டை, பெட்டை!" என்று குரல் வந்தது, பெட்டையைச் சுடக் கூடாது. மணி பத்து பத்து. அவருக்கு இடது பக்கம் எண்பது கெஜம் தள்ளி ஆர்வின் நின்றார். ஆர்வினுக்கு எண்பத்தொரு வயது, காது மந்தம், முழங்காலில் ஆணி வைத்திருக்கிறார்கள். கோடியில் யாரை நிறுத்துவார்கள் என்றால், நடக்க முடியாதவர்களை, குழந்தைகளை, விருந்தாளிகளை. சென்னியப்பனுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. பதினான்கு வருஷம் விருந்தாளியாக இருந்துவிட்டார், அவ்வளவுதான். அதில் வருத்தம் இல்லை என்று ஒரு காலத்தில் வசந்தாமணியிடம் சொன்னது உண்டு. வசந்தாமணி அவர் மனைவி. வருத்தமில்லாதவரு எதுக்குங்க அதையே மூணாவது வாட்டி சொல்றீங்க என்று கேட்டுவிட்டு அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊருக்குப் போய் இரண்டரை வருஷம். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போனாள். அப்பா தவறினார், கருமாதி முடிந்தது, வருஷத் திவசமும் முடிந்தது, அவள் வரவில்லை. திரும்பி வருவதற்கான அனுமதித் தாள் போன கோடையில் காலாவதியானது, அதை அவள் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்கவில்லை என்பதைச் சண்டையாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலைச் செடி பட்டுப்போன சேதியோடு சேர்த்துச் சொன்னாள். பிள்ளை குட்டி என்று நடுவில் நின்று இழுக்க யாரும் இல்லை. அடுத்த அறுவடை முடியட்டும் வருகிறேன், அடுத்த சோதனை முடியட்டும் வருகிறேன் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மக்காச்சோளத்துக்கு அடுத்த அறுவடை எப்போதும் உண்டு.

போனில் அவர் நல்ல புருஷன். சனிக்கிழமைதோறும் முக்கால் மணி நேரம். சொல்ல வேறு எதுவும் இல்லாததால் இந்த ஒரு வருஷமாக அவளுக்கு ரவை நம்பர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் "ஓ" என்றும் "அப்படீங்ளா" என்றும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், "அத்தன தூரத்துல இருந்து எதுக்குங்க சுடோணும்? கிட்டப் போயிச் சுட்டா ஆகாதுங்ளா?" என்றாள். அவர் சிரித்துவிட்டு, கோழி கிட்டே விடாது என்பதை இருபது நிமிஷம் விளக்கினார். இப்போது இந்தக் குளிரில், குழலின் இரும்பு கையுறையைத் தாண்டி விரலைக் கடிக்க, அவள் அந்தக் கேள்வியைக் கோழிக்காகத்தான் கேட்டாளா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை அவர் அங்கேயே நிறுத்தினார். நாலாம் நம்பர் சரிதான், நாலே இருக்கட்டும். காற்று வடமேற்கிலிருந்து வருகிறது, கோழி காற்றோடு போகும், அப்படியானால் வலது பக்கம், அப்படியானால் ஒன்பதடி இல்லை, பத்தடி முன்னால். சோளத் தாள்கள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. அந்தச் சரசரப்புக்குள் வேறொரு சரசரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்தார். போன மாசம், என்ன பேச்சில் என்று ஞாபகம் இல்லை, "உனக்கு அங்க என்ன கொறச்சல்?" என்று கேட்டுவிட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார், அறுந்திருக்கவில்லை. "கொறச்சல் ஒண்ணுமில்லீங்க," என்றாள் அவள், பிறகு மழையைப் பற்றிப் பேசினாள். அந்த வார்த்தை எங்கே போய்ப் பட்டது என்று இங்கிருந்து அவருக்கு எப்படித் தெரியும். தெரியவில்லை. தெரியாமலே அடுத்த சனிக்கிழமையும் ரவை நம்பர் சொன்னார்.

போன சனிக்கிழமை அவள்தான் பேசினாள். "அடுத்த சனிக்கெழம நான் படுக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீருங்க. வர்றேன்னாலுஞ் செரி, வல்லைன்னாலுஞ் செரி. பத்து மணிக்குப் போன நிறுத்தீட்டுப் படுத்துக்குவேன், அது உங்குளுக்கே தெரியும். அதுக்கப்பறம் இந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேனுங்க." குரல் உயரவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பார். அவள் எடுக்க மாட்டேன் என்றால் எடுக்க மாட்டாள். அவளுடைய தங்கச்சியோடு பேசுவதில்லை என்று ஒருநாள் சொன்னாள், பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த ஏழு நாளும் அவர் அதை யோசித்தாரா என்றால், யோசிக்க உட்கார்ந்தார். பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, வருகிறேன் என்பதற்கு ஒரு பக்கமும் வரவில்லை என்பதற்கு ஒரு பக்கமும் என்று தாளில் கோடு கிழித்தார். கிழித்த கோட்டுக்குக் கீழே, எழுதிப் பார்த்தால், ரவை கணக்கு இருந்தது. அவருக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை, பச்சையான பயம். கடைசியாக ஊருக்குப் போன பதினேழு நாளில், சொந்த வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். எட்டாயிரம் ஒன்பதாயிரம் மைல் நடுவில் இருந்தபோது வந்த பேச்சு, ஒரு குழம்புச் சட்டி மட்டும் நடுவில் இருந்தபோது வரவில்லை. அங்கே போய் இருந்துவிட்டு, அவளுக்கு இவர் வேண்டாம் என்று ஆகிவிட்டால்? தூரத்தில் இருக்கும்வரை, வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாவது இருப்பாள். இங்கேயும்தான் என்ன இருக்கிறது. முழுப் பெயரைச் சொல்ல ஒரு வாய் கிடையாது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று சமையலறைக் காற்றாடியைச் சும்மா போட்டுவிடுகிறார். வருஷம் இரண்டு சனிக்கிழமை இந்த வயல்கோடியில் யாரோ தன்னை நிறுத்திவைக்கிறார்கள், தான் அங்கே நிற்பது ஒரு கணக்கில் சேர்த்தி, தான் நகர்ந்தால் அது எல்லாருக்கும் நஷ்டம். அது ஒன்று இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டால் அதுவும் இல்லை. போன வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம் ஹார்லன் கூப்பிட இரண்டு வாரம் தாமதித்தார். அந்த இரண்டு வாரமும் சென்னியப்பன் குளிக்கப் போகும்போதுகூடப் போனை எடுத்துக்கொண்டு போனார்.

மணி பத்து பதினேழு. அவசரமில்லை. அவள் படுக்கிற பத்து மணி என்பது இங்கே பதினொன்றரை. இங்கத்து மணியோடு பத்தரை மணி நேரம் கூட்டினால் ஊர் மணி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பதினொன்றுக்குள் இந்தப் பட்டை முடிந்துவிடும். வண்டிக்குள் ஏறி, சூடு வைத்துக்கொண்டு, நிதானமாகக் கூப்பிடலாம். என்ன சொல்வது என்பது அதற்குள் தானாகத் தெரிந்துவிடும். நடக்கிறவர்கள் இப்போது முகம் தெரியாவிட்டாலும் நடை தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள். சற்றுப் பின்தங்கி, காலை அகட்டி வருவது ஹார்லன். ஆர்வின் இடது பக்கம் துப்பாக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பாவம், கை உறையும் அவருக்கு. காலையில் காபி குடிக்கும்போது ஆர்வின் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நாலா ஐந்தா என்று யோசித்துக்கொண்டிருந்த சென்னியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். என்ன அது. சர்ச் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை ஆர்வின் சர்ச்சுக்குப் போனாராம், ஒரு ஈ காக்கை இல்லையாம், மதம் மாறிவிட்டார்களோ என்று நினைத்தாராம். முன்வரிசையில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். ஏனென்றால் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைக்க மறந்துவிட்டார். நல்ல வேடிக்கைதான். குளிர்காலம் வந்தால் இந்த நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பினார்கள். சென்னியப்பனும் அடுப்புக் கடிகாரத்தைத் திருப்பினார். ஊரில் யாரும் திருப்புவதில்லை.

ஊரில் யாரும் திருப்புவதில்லை. அப்படியானால் பத்தரை இல்லை, பதினொன்றரை. இங்கே பத்தரை மணி என்றால் அங்கே பத்து. பதினொன்றரைக்கு இல்லை, பத்தரைக்கு. அவர் கையுறையைப் பல்லால் இழுத்து மணி பார்த்தார். பத்து இருபத்துமூன்று. போன இரண்டு நவம்பரிலும் இந்தத் தப்பைச் செய்து, முதல் வாரம் அவளைத் தூக்கத்தில் எழுப்பி, அவள் "மறுக்காவுங்ளா" என்று சிரித்தது உண்டு. அதற்குப் பிறகுதான் அவள் படுக்கும்போது போனை நிறுத்த ஆரம்பித்தாள். இந்த வருஷம் எழுப்ப முடியாது, போன் நின்றுபோயிருக்கும். ஏழு நிமிஷம். வண்டி கால் மைல் தள்ளிச் சாலையில் நிற்கிறது. இந்த இடத்தை விட்டு ஓடினால் கோடி திறந்துகொள்ளும், கோழி பூராவும் இந்த வழியாக ஓடிவிடும், அரை மைல் நடந்தவர்களின் நடை வீண். எழுதி அனுப்பலாம் என்றால், கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகு அவள் எழுத்துப் பார்க்க மாட்டாள், காலையில்தான் பார்ப்பாள், காலையில் பார்ப்பது என்பது கெடு தாண்டிய பிறகு பார்ப்பது. ஒரு வார்த்தை சொல்லீருங்க என்றுதான் சொன்னாள். சொல்ல வேண்டும். கிசுகிசுப்பாகச் சொல்லலாமா. இங்கே நின்றபடியே வாயை மூடிக்கொண்டு. ஆனால் எதைச் சொல்வது. எதைச் சொல்வது என்றே இன்னும் தெரியாத ஆளுக்கு எப்படிச் சொல்வது என்ற கவலை. நூற்றைம்பது கெஜத்தில் நாய் குரைத்தது. இன்னும் நாலு நிமிஷம் பொறுத்தால் வேட்டை முடிந்துவிடும், இன்னும் ஆறு நிமிஷம் பொறுத்தால் வசந்தாமணி முடிந்துபோவாள். நடுவில் இரண்டு நிமிஷம் இருக்கிறது, போதும், பொறுத்திரு, நீ நினைத்தபடியே எல்லாம் நடக்கும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசுதான் இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனசு.

அப்போதுதான் காலடியில் பார்த்தார். புல் முடிகிற ஓரத்தில், ஐந்தே அடி தள்ளி, ஒரு சேவல் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெட்டை, பக்கத்தில் இன்னொரு சேவல், உள்ளே புல் தண்டுகளுக்கு நடுவில் தலைகள், தலைகள். அரை மைலும் ஓடிவந்த கோழிகள் எல்லாம் அவருடைய பூட்ஸுக்கு முன்னால் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சேவலின் மார்பு மூச்சில் ஏறி ஏறி இறங்கியது. அது ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. மஞ்சள் வளையத்துக்குள் கறுப்பான கண், அதைச் சுற்றிச் சிவப்புத் தோலில் பொடிப்பொடியாகக் கறுத்த மயிர். ஒரு வருஷமாக அறுபது கெஜத்தில் ஒரு புள்ளியாகவே நினைத்துக்கொண்டிருந்த பறவைக்கு மயிர்க்கால்கூட இருக்கிறது. இந்தத் தோட்டாவை, இந்தச் சோக்கில், இந்தத் தூரத்தில் சுட்டால் இறகும் ரத்தக் கூழும்தான் மிஞ்சும். வாழ்நாளில் இவ்வளவு பக்கத்தில் ஒரு கோழி அவருக்கு வந்ததில்லை, அதற்கு அவர் கையில் ஒன்றுமே இல்லை. சென்னியப்பன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் உருவிப் பைக்குள் போட்டு, அதைப் புல்லில் மெதுவாகக் கிடத்தினார். போனை எடுத்தபோது விரல் மரத்திருந்தது, அவள் பெயரை அழுத்த மூன்று தடவை ஆயிற்று. மணி பத்து இருபத்தெட்டு. அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க."

"வசந்தா," என்றார் காற்றை விடவும் மெதுவாக.

"ஆருங்க? ஒண்ணுங் கேக்கலீங்க."

"வசந்தா, நாந்தான்."

"விட்டுவிட்டுக் கேக்குதுங்க. சத்தமாப் பேசுங்க. நான் போனை நிறுத்தப் போறேன்."

சேவல் தலையைச் சாய்த்துக் கேட்டது. எண்பது கெஜத்தில் ஆறு பேரும் கடைசி நடைக்காகத் துப்பாக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சென்னியப்பன் வாயைத் திறந்தார். "வர்றேன்!" என்று கத்தினார். தன் குரல் அவ்வளவு பெரிசு என்று அவருக்கே தெரியாது. "நான் வந்தர்றேன், வசந்தா!"

நிலம் வெடித்ததுபோல் இருந்தது. முப்பதோ நாற்பதோ, காலடியிலிருந்து, இரண்டு பக்கத்துப் புல்லிலிருந்தும், சோளத்துக்குள்ளிருந்தும், இறக்கை அடித்துக்கொண்டும் கொக்கரித்துக்கொண்டும் ஒரே மூச்சில் எழும்பின. ஒரு வால் அவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போயிற்று. கோடியில் ஆள் நிற்கும்போது அந்தப் பக்கம் பார்த்துத் தாழச் சுடக் கூடாது என்பதால் நடக்கிறவர்களில் ஒருவரும் சுடவில்லை. ஆர்வின் மட்டும் ஏதோ நடக்கிறது என்று தாமதமாகக் கண்டுகொண்டு, ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். ஒன்றும் விழவில்லை. கோழிகள் காற்றோடு சாய்ந்து, வலது பக்கமாக, சாலைக்கு மேலே போய், தொலைவில் கோரைக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு வயலில் ஒரு சத்தமும் இல்லை. ஆறு பேரும் நின்ற இடத்திலேயே நின்று அவரைப் பார்த்தார்கள். நாய்கள்கூட நின்றன.

"என்னங்க சொன்னீங்க?" வசந்தாமணியின் குரல் இப்போது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக வந்தது. "ஏதோ படபடன்னு பறக்கற சத்தந்தான் கேட்டுச்சு. நீங்க பேசுனது ஒண்ணுமே கேக்கலீங்க."

கேட்கவில்லை. அப்படியானால் இன்னும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். சிக்னல் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடலாம்; அது பொய்கூட ஆகாது. கத்தியது பதற்றத்தில் கத்தியது, அதற்குச் சாட்சியாக இருந்தவை கோரைக்குள் போய்விட்டன, ஆர்வினையும் சேர்த்து நின்றுகொண்டிருக்கிற ஏழு பேருக்கும் தமிழ் தெரியாது. இனி இந்த வயலுக்கு அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை, அது வேறு. அதைப் போனது போனதாக வைத்துக்கொண்டாலும், அந்த வார்த்தையை இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுவிட்ச் தெரியாத வீடு, நாற்காலி நுனி, நடுவில் குழம்புச் சட்டி. பயம் அப்படியே இருந்தது, ஒரு ரவை குறையவில்லை. அவள் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. எடுக்க மாட்டேன் என்று சொன்ன பேச்சை எடுக்காமல் வெறுமனே காத்துக்கொண்டிருந்தாள், அங்கே பத்து அடித்திருக்கும்.

"வர்றேன்னு சொன்னேன்," என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. "அறுவடை கிறுவடைன்னு இல்ல. வந்து இருந்துக்கறேன். உனக்குச் செரின்னா."

"மெதுவாவே சொல்லுங்க," என்றாள் வசந்தாமணி. "இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லும்போது முகம் கோணிக்கொண்டது, மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையுறையைத் தேடினால் அது எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. சோளத் தாள்கள் முறிகிற சத்தம் நெருங்கி வந்து நின்றது. ஹார்லன் நான்கு அடி தள்ளி நின்றார். புல்லில் திறந்து கிடக்கிற துப்பாக்கியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக இவர் முகத்தை நேராக, நிதானமாகப் பார்த்தார். பிறகு ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்து கோடியில் நிற்கிறவன் வாய் திறக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"சென்," என்றார் மெல்ல, "யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லை," என்றார் சென்னியப்பன். "என் மனைவி. இன்னும் தூங்கலை."